பாட்டு முடிந்தது பெட்டிக்கு எப்படித் தெரியும்?

சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோன் பெட்டியை நேரிற் கண்டிராத இளைஞர்கள் இன்று பலர். கண்டவர்களிலும், அதன் குழலையும் ஊசியையும், எச்.எம்.வி. தட்டின் நடுவே குந்தியிருக்கும் நாயின் படத்தையும் மட்டும் நினைவில் வைத்திருப்போரே மிகுதி. ஆனால் யாவரும் கண்டும் காணாமல் விட்டுவிடுகிற விந்தை ஒன்று அப்பெட்டியில் உண்டு. பாட்டு முடிந்ததும், எவரும் கை வைக்காமலே, சுழன்றுகொண்டிருந்த தட்டு தானாக நின்றுவிடுகிறது.

ஒரு பாட்டு இரண்டரை நிமிடத்தில் முடியும். மற்றொன்று மூன்றேகால் நிமிடம் ஓடும். இரண்டின் முடிவையும் பெட்டி தவறாமல் அறிந்து நிற்கிறது. மின்சாரம் இல்லை; கண்ணும் காதும் இல்லை. தகடுகளும் வில்களும் சில திருகாணிகளுந்தாம் உள்ளே இருப்பவை. இவற்றைக் கொண்டு, "பாட்டு முடிந்தது" என்னும் செய்தியைப் பெட்டி எவ்வாறு உணர்கிறது? மாணவர்கள் மேலே படிக்குமுன் ஒரு கணம் தாமே விடை தேடிப் பார்ப்பார்களாக.

இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பழைய பெட்டிகளைப் பாட்டனார் நினைவாகப் பேணிவரும் குடும்பங்கள் உள்ளன. அவற்றுட் பல ஓடாமற் கிடப்பது வில் முறிந்ததனாலன்று. நல்லெண்ணத்தோடு யாரோ விட்ட எண்ணெய், விடக்கூடாத இடத்திற் பட்டதனாலேயே தடை கெட்டுப் போயிருக்கும். எந்த இடத்தில் எண்ணெய் வேண்டும், எந்த இடத்தில் ஆகாது என்பதை அறிய விரும்பினால், தடை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

ஒரு பெட்டி, இரண்டு தடைகள்

பெட்டியின் உறுப்புகளுக்கு முதலிற் பெயர் இட்டுக்கொள்வோம். இசைத்தட்டை வைக்கும் வட்டமான மேடை சுழல்மேடை. ஊசியைப் பிடித்து, மெல்லிய தகடு அதிர ஒலி எழுப்பும் சிறு சிமிழ் ஒலிச்சிமிழ். அந்தச் சிமிழைத் தாங்கித் தட்டின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நகரும் உலோகக் குழாய் குழற்கை. மேடைக்குக் கீழே, ஓர் உருளைக்குள், நீண்ட எஃகு நாடா ஒன்று பாய்போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதுவே சுருள்வில். நாம் சாவி கொடுக்கும்போது கையின் உழைப்பு முழுவதும் அதற்குட் சேமிக்கப்படுகிறது.

எமிலி பெர்லினர் 1887 இல் கிராமபோனுக்கு உரிமை பெற்ற காலத்தில் இந்த வில் இல்லை. கையாற் சுற்றியே தட்டை ஓட்டினார்கள். கை தளர்ந்தாற் பாட்டும் தளரும். அமெரிக்காவில் கம்டன் நகரில் இயந்திரப் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜோன்சன் என்பவர் 1896 இல் பெர்லினருக்காகச் சுருள்வில் மோட்டார் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். கிராமபோன் வீட்டுப் பொருளாக மாறியது அதன் பின்னரே.

சுருள்வில்லில் ஒரு குறை உண்டு. வெள்ளக் காலத்தில் நமது முகத்துவாரத்தை வெட்டிவிடும்போது நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். மணல் மேட்டினால் தேங்கி நின்ற நீர், வெட்டிய உடனே குமுறிக்கொண்டு கடலிற் பாய்கிறது. வாவியின் நீர்மட்டம் தாழத் தாழ ஓட்டம் தணிகிறது. முறுக்கேறிய வில்லும் அத்தகையதே. முழுச் சாவியில் அதன் வலு மிகுதி. அவிழ அவிழக் குறைவு. இதை அப்படியே விட்டாற் பாட்டுத் தொடக்கத்திற் பறக்கும், முடிவில் நடக்கும்.

இதனைத் தடுப்பதற்கு அமைந்ததே பெட்டியிலுள்ள முதலாவது தடை. பாட்டு ஓடும் நேரமெல்லாம் இது வேலை செய்துகொண்டேயிருக்கும். இரண்டாவது தடை பாட்டு முடியும்வரை காத்திருந்து, ஒரே ஒரு முறை மட்டும் வேலை செய்யும். நாம் பொதுவாகத் தானியங்கும் தடை என்று சொல்வது இந்த இரண்டாவதையே. எனினும் முதலாவதும் தானாகவே இயங்குவதுதான். இரண்டையும் பிரித்தறியாமையே பல பெட்டிகளுக்கு யமனாக முடிகிறது.

ஓயாது உழைக்கும் காவலன்

முதலாவது தடையைப் பொறியியலார் கவர்னர் என்பர். நாம் வேகக் காவலன் என்போம். நீராவி இயந்திரத்திற்கு 1788 இல் ஜேம்ஸ் வாட் அமைத்த குண்டுக் கவர்னரின் வழித்தோன்றல் இது. மெல்லிய தண்டு ஒன்றைச் சுற்றி மூன்று வளைந்த வில்தகடுகள்; ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஓர் உலோகக் குண்டு. தண்டு வேகமாகச் சுழலும்போது, கோயில் திருவிழாவில் இராட்டினத்துத் தொட்டில்கள் வெளிப்புறம் விரிவதுபோலக் குண்டுகள் விரிகின்றன. அவை விரியத் தகடுகள் வளைகின்றன. தகடுகள் வளையவே, அவற்றின் ஒரு முனையோடு பொருத்தப்பட்ட சிறு வட்டத்தகடு தண்டின் வழியே நகர்ந்து ஒரு தோற்றுண்டின் மீது உரசுகிறது. அந்த உரசலே வேகத்தை அடக்குகிறது. வேகம் தணிந்தாற் குண்டுகள் ஒடுங்கி, உரசலும் தணிகிறது.

பெட்டியின் மேலுள்ள வேகத் திருகு இத்தோற்றுண்டை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கே உரியது. அக்காலத் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 78 சுற்று என்னும் கணக்கில் ஓட வேண்டியவை. இந்தக் கணக்கு ஏன் இத்துணை முக்கியம்? 78 சுற்றுக்குப் பதிலாக ஏறத்தாழ 83 சுற்று ஓடினாற் பாட்டு முழுவதும் அரைக் கட்டை ஏறிவிடும். 74 ஆகக் குறைந்தால் ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிவிடும். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1947 இல் வெளிவந்த தமது யாழ் நூலிற் சுரங்களுக்கிடையேயுள்ள அளவுகளை எத்துணை நுணுக்கமாகக் கணக்கிட்டார் என்பதை அறிந்தவர்கள், அரைக் கட்டையைச் சிறு பிழை என்று தள்ளிவிடமாட்டார்கள். பாடியவரின் சுருதியைக் காப்பது அந்தச் சிறு தோற்றுண்டு. அதற்குச் சில துளி எண்ணெய் இன்றியமையாதது. அது உலர்ந்துபோனால் உரசல் சீராக இராது, பாட்டு நடுங்கும், பெட்டிக்குள் ஒரு முனகலும் எழும்.

கைத்தடையும் குறித்து வைக்கும் தடையும்

இனி இரண்டாவது தடையைக் காண்போம். ஆதியில் இது வெறும் கைத்தடையாகவே இருந்தது. கம்பளித் துண்டோ தோலோ ஒட்டிய ஒரு கட்டை, நெம்புகோலைத் தள்ளியதும் சுழல்மேடையின் விளிம்பிற் போய் அழுந்தும். துவிச்சக்கர வண்டியின் வளையத்தில் இறப்பர்க் கட்டை அழுந்துவதை ஒத்த ஏற்பாடு. பாட்டு முடிந்ததும் எவராவது எழுந்து சென்று நிறுத்தவேண்டும். நிறுத்தாவிடில் ஊசி கடைசித் தடத்தில் "கிறீச், கிறீச்" என்று உரசிக்கொண்டிருக்கும். வில்லின் சாவியும் வீணாகும்.

அடுத்து வந்தது, குறித்து வைக்கும் தடை. இதில் தட்டை ஓட்டுமுன் குழற்கையைப் பாட்டின் கடைசித் தடத்துக்கு நேரே கொண்டுபோய், ஒரு சிறு காட்டியை அவ்விடத்துக்குக் குறித்து வைக்கவேண்டும். பாட்டு ஓடிக் குழற்கை அந்த இடத்தை அடைந்ததும், காட்டி பூட்டை விடுவிக்கும். தடைக்கட்டை வில்லின் இழுப்பினால் மேடையின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும்.

இது நல்ல யோசனைதான். ஆனால் ஒரு தட்டில் பாட்டு நடுவிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் முடியும். இன்னொன்றில் மூன்று விரற்கடையில் முடியும். தட்டை மாற்றும்போதெல்லாம் மறுபடி குறிக்க வேண்டும். தட்டைப் புரட்டி மறுபக்கம் போட்டாலும் குறிக்க வேண்டும். ஊசியையும் பக்கத்திற்கு ஒரு முறை மாற்றி, சாவியும் கொடுத்து, இதையும் குறித்துக்கொண்டிருக்கப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்?

குறித்து வைக்கும் தடை முடிவை இடத்தைக் கொண்டு அறிய முயன்றது. முடிவின் இடமோ பாட்டுக்குப் பாட்டு மாறுவது. ஆகவே, எந்தப் பாட்டிலும் மாறாத அடையாளம் ஒன்றைத் தேடவேண்டியதாயிற்று. அந்த அடையாளத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் தட்டுச் செய்தவர்களே.

தட்டிலேயே எழுதிய கட்டளை

பழைய தட்டொன்றை வெளிச்சத்திற் சாய்த்துப் பாருங்கள். பாட்டுப் பதிந்த பகுதியில் தடங்கள் நெருக்கமாக இருக்கும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பாட்டு மூன்று நிமிடம் ஓடுகிறதென்று கொள்வோம். நிமிடத்துக்கு 78 வீதம் மொத்தம் 234 சுற்று. இத்தனை சுற்றும் ஏறத்தாழ இரண்டரை அங்குல அகலத்துக்குள் அடங்கவேண்டும். அப்படியானால் மேடை ஒருமுறை சுழலும்போது ஊசி உள்நோக்கி நகர்வது கால் மில்லிமீற்றர் அளவுதான்.

பாட்டு முடியும் இடத்தைக் கடந்ததும் காட்சி மாறும். ஒற்றைத் தடம் ஒன்று விரைந்து உள்ளே ஓடும். ஊசி அதில் இறங்கியதும், ஒரே சுற்றிற் பல மில்லிமீற்றர் தூரம் உள்ளே போய்விடுகிறது. முடிவில் ஒரு வட்டத் தடம் இருக்கும். பல தட்டுகளில் அவ்வட்டத்தின் மையம் தட்டின் மையத்தோடு பொருந்தாது. சற்று விலகியிருக்கும். ஆகையால் அதில் ஓடும் ஊசியும் குழற்கையும் தொட்டிலாட்டுவதுபோல உள்ளும் புறமும் அசையும்.

இவற்றை முடிவுத் தடம் என்போம். 1920 களின் நடுப்பகுதிக்கு முன் வந்த தட்டுகள் பலவற்றில் இது கிடையாது. பாட்டு முடிந்த இடத்திலேயே தடமும் முடிந்துவிடும். 1925 இல் அமெரிக்காவின் விக்டர் கம்பனி ஓர்த்தபோனிக் என்னும் புதுவகைப் பெட்டிகளை வெளியிட்டபோது, விலகிய வட்டத்தைக் கொண்டு நிற்கும் தடையும் அவற்றோடு வந்தது. 1931 இல் வெளிவந்து, நெடுங்காலம் விற்பனையாகிய எச்.எம்.வி. 102 என்னும் கைப்பெட்டியிலும் தானியங்கும் தடை உண்டு. பாட்டைப் பதித்தவர்கள் "இங்கே நில்" என்னும் கட்டளையையும் தட்டிலேயே எழுதிவிட்டார்கள். அதைப் படிக்கும் உறுப்பு பெட்டியில் அமைந்துவிட்டது.

அந்த உறுப்பு இரண்டு வகையாகக் கட்டளையைப் படிக்கும்.

முதல் வகை: பின்வாங்கினாற் பிடிபடும்

ஊசி பாட்டின் நெடுகிலும் உள்நோக்கியே போகிறது, திரும்பி வருவதில்லை. விலகிய வட்டத்தை அடைந்த பின்னரே முதன்முறையாக வெளிநோக்கித் திரும்புகிறது. முதல் வகைத் தடை இத்திரும்புதலை அடையாளமாகக் கொள்கிறது.

சுணை உள்ள நெற்கதிர் ஒன்றைக் காம்பிலிருந்து நுனியை நோக்கித் தடவிப் பாருங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து காம்பை நோக்கித் தடவினாற் சுணை குத்தும். இத்தடையிலும் அத்தகைய சாய்ந்த பற்களின் வரிசை ஒன்றுண்டு. குழற்கையோடு நகரும் கொக்கி பாட்டு முழுவதும் அப்பற்களின் மேல் வழுக்கிச் செல்கிறது. குழற்கை பின்வாங்கியதும் கொக்கி ஒரு பல்லிற் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய கொக்கியைக் குழற்கை இழுக்க, பூட்டு விடுபட்டுத் தடைக்கட்டை மேடையைப் பற்றுகிறது.

எந்த இடத்தில் திரும்பினாலும் பிடிபடும் ஆதலால், பாட்டு எங்கே முடிகிறது என்பதைக் குறிக்கத் தேவையில்லை. ஆனால் இதற்கும் ஓர் இடையூறு உண்டு. தட்டின் துளை நடுவிற் சரியாக அமையாதிருந்தாற் பாட்டின் நடுவிலேயே குழற்கை சிறிது உள்ளும் புறமும் ஆடும். அந்த ஆட்டம் ஒரு பல்லின் அளவை மிஞ்சினால், பாடகர் சரணம் எடுக்குமுன்னே பெட்டி நின்றுவிடும். குற்றம் பெட்டியினுடையதன்று, துளையினுடையது.

இரண்டாம் வகை: பாய்ந்தாற் பிடிபடும்

இரண்டாம் வகை இன்னும் நுட்பமானது. இது ஊசியின் வேகத்தை அடையாளமாகக் கொள்கிறது. பாட்டில் ஊசி சுற்றுக்குக் கால் மில்லிமீற்றர் நகரும். முடிவுத் தடத்திற் பல மில்லிமீற்றர் நகரும். இந்த வேறுபாட்டைத் தகடுகள் எவ்வாறு அளக்கின்றன?

பலகாரப் பெட்டியைக் குறிவைத்து அடுக்களைக்குள் அடிமேல் அடிவைத்து நகரும் ஒரு சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய அம்மம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் அடுக்களை வாசலுக்கு வரும்போது, ஓரடி நுழைந்து நிற்கும் பேரனை மெல்ல வெளியே தள்ளிவிட்டுப் போகிறார். அவன் மறுபடி ஓரடி வைக்கிறான். அவர் மறுபடி தள்ளுகிறார். இப்படி நூறு முறை நடந்தாலும் ஒன்றும் நேராது. ஆனால் அம்மம்மா அப்பாற் போயிருந்த இடைவேளையில் அவன் ஒரே பாய்ச்சலாக உள்ளே போய்விட்டால், திரும்பி வருகிறவர் கையில் வசமாக அகப்பட்டுக்கொள்வான். பிறகு தள்ளுவது இல்லை, காதைப் பிடித்துக்கொள்வதுதான்.

பெட்டியில் அந்தச் சிறுவன் ஓர் இலேசான தகட்டு நாக்கு. அது குழற்கையோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. இரண்டு தகடுகள் ஒன்றன்மேலொன்று மெல்ல அழுந்தும் உரசலினால் மட்டும் இணைந்திருக்கிறது. அம்மம்மா, சுழல்மேடையின் அச்சோடு சேர்ந்து சுற்றும் ஒரு சிறு முனை. குழற்கை கால் மில்லிமீற்றர் நகர்ந்தால் நாக்கும் அதற்கேற்ப மிகச் சிறிது முன்னேறும். முனை சுற்றி வந்து அதன் சாய்ந்த நுனியைத் தட்டிப் பின்னே தள்ளும். உரசற் பிணைப்பு வழுக்கி இடங்கொடுக்கும். மூன்று நிமிடப் பாட்டில் இருநூறு தடவைக்கு மேல் இந்த முன்னேற்றமும் தள்ளலும் நடக்கின்றன. நமக்கு ஓசைகூடக் கேட்பதில்லை.

ஊசி முடிவுத் தடத்தில் இறங்கியதும், ஒரு சுற்று முடியுமுன்னே நாக்கு வெகுதூரம் உள்ளே போய்விடுகிறது. இம்முறை சுற்றி வரும் முனை அதன் சாய்ந்த நுனியைச் சந்திப்பதில்லை. நேரே முகத்தில் மோதுகிறது. மோதியதும் நாக்கைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூட்டை விடுவிக்கிறது. தடை விழுகிறது, மேடை நிற்கிறது.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பூட்டைத் திறப்பதற்கு வேண்டிய பலத்தை ஊசியோ குழற்கையோ தருவதில்லை. அவ்வளவு பலத்தை ஊசியிடம் கேட்டால், ஊசி தடத்தின் சுவரைச் சிதைத்துவிடும். பலம் முழுவதும் சுழலும் மேடையிலிருந்து வருகிறது. ஊசி செய்வது "இப்போது" என்று சைகை காட்டுவது மட்டுமே. பிற்காலத்து மின்சார இசைத்தட்டுப் பெட்டிகளிலும், தட்டுகளைத் தாமே மாற்றிக்கொள்ளும் கருவிகளிலும் இதே தத்துவம் எடுத்தாளப்பட்டது.

எண்ணெயும் உப்புக்காற்றும்

வாவிக்கரை வீடுகளில் இரும்புக்கு உப்புக்காற்று பகை என்பதை எவரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாரி காலத்து ஈரமும் சேர்ந்தால், நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியின் உறுப்புகளிற் கறள் பிடிக்கும். பழைய கிறீஸ் பிசின்போல் இறுகும். இதைக் கண்டவர்கள் உடனே எண்ணெய்ச் சிமிழை எடுக்கிறார்கள். தையல் மெசினுக்கு விடுவதுபோல, கண்ட உறுப்புக்கெல்லாம் ஒவ்வொரு துளி விடுகிறார்கள்.

விளைவு யாது? உரசற் பிணைப்பில் எண்ணெய் புகுந்தால் உரசல் அற்றுப்போகிறது. குழற்கை நகர்ந்தாலும் நாக்கு நகர்வதில்லை. பாட்டு முடிந்தாலும் பெட்டி நிற்பதில்லை. மேடையின் விளிம்பிலோ தடைக்கட்டையிலோ எண்ணெய் பட்டாலும் அதே கதி. பூட்டு விடுபட்டுக் கட்டை அழுந்தினாலும், மேடை வழுக்கிக்கொண்டு ஓடும். எண்ணெய் விடாமற் கறளும் பிசினும் ஏற விட்டாலோ நேர்மாறான கேடு. பிணைப்பு இறுகிவிடுவதால் முனை தள்ளும்போது நாக்கு வழுக்காது. ஆகவே பாட்டின் நடுவிலேயே தடை விழுந்துவிடும்.

முன்னே சொன்ன இரண்டு தடைகளின் வேறுபாடு இங்கேதான் பயன்படுகிறது. வேகக் காவலனின் தோற்றுண்டுக்குச் சில துளி எண்ணெய் வேண்டும். நிறுத்தும் தடையின் கட்டைக்கும் உரசற் பிணைப்புக்கும் ஒரு துளியும் ஆகாது. அவற்றை உலர்ந்த மெல்லிய துணியாலே துடைத்து, எண்ணெய் பட்டிருந்தால் நீக்கி, உலரவிட வேண்டும். இரண்டும் உரசலால் வேலை செய்பவையே. ஆயினும் ஒன்று வழுக்கிக்கொண்டே உரசவேண்டியது. மற்றது பற்றிப் பிடிக்கவேண்டியது.

தடை கெட்டதும் பலர் செய்யும் வேறொரு காரியமும் உண்டு. "இது எதற்கு?" என்று தடையின் வில்லைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பெட்டி ஓடத்தான் செய்யும். அதன் பின் பாட்டு முடியும்போது அருகில் ஆள் இல்லாவிட்டால், மழுங்கிய எஃகூசி முடிவுத் தடத்தை அறுத்துக்கொண்டே இருக்கும்.

வீட்டிலே செய்து பார்க்கத்தக்கவை

பெரியவர்களின் துணையோடு மாணவர்கள் சில சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது: தட்டின் விளிம்புக்கு அடியில், ஒரு கடதாசித் துண்டு வெளியே நீட்டியிருக்கும்படி செருகி, ஊசியை வைத்து ஓடவிடுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, அத்துண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை உங்களைக் கடக்கிறதென்று எண்ணுங்கள். 78 வந்தால் நன்று. பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாற் காவலன் தன் கடமையைச் செய்கிறான். முடிவிற் குறைந்தால், சாவி போதவில்லை. அல்லது வில்லுருளையின் கிறீஸ் இறுகிவிட்டது.

இரண்டாவது: தட்டையும் ஊசியையும் எடுத்துவிடுங்கள். பல பெட்டிகளிற் குழற்கையை வலப்புறம் இழுத்தாற் பூட்டு ஏறி மேடை சுழலத் தொடங்கும். இப்போது குழற்கையைக் கையில் ஏந்தி, மிக மிக மெதுவாக நடுவை நோக்கி நகர்த்துங்கள், மேடை ஓடிக்கொண்டேயிருக்கும். பின்பு சட்டென இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். நின்றுவிட்டால், உங்கள் பெட்டி இரண்டாம் வகை. வேகமாக நகர்த்தியும் நிற்காமல், சற்றுப் பின்னுக்கு இழுத்ததும் நின்றால் முதல் வகை. ஒரு குறித்த இடத்துக்கு வந்தபோது மட்டும் நின்றால், அது குறித்து வைக்கும் தடை.

மூன்றாவது: தடை நன்றாக வேலை செய்தும், ஒரு குறிப்பிட்ட தட்டுக்கு மட்டும் நிற்கவில்லையா? அந்தத் தட்டில் முடிவுத் தடம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கையினால்தான் நிறுத்தவேண்டும். கட்டளை எழுதப்படாத தட்டில் பெட்டி எதைப் படிக்கும்?

ஓர் எச்சரிக்கை. சுருள்வில் இருக்கும் உருளையை எவரும் வீட்டிலே திறக்கலாகாது. அடங்கிக் கிடக்கும் எஃகு நாடா சீறி வெளிவந்தாற் கையையும் முகத்தையும் கிழித்துவிடும். அது கைதேர்ந்தவர் செய்யவேண்டிய வேலை.

எதற்காக இவ்வளவு அக்கறை?

கைப்பேசியிலே ஆயிரம் பாட்டுக் கேட்கும் காலத்தில் ஒரு பழைய பெட்டியின் தடைக்காக இவ்வளவு சிரமம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தடை காப்பது பெட்டியை மட்டுமன்று, தட்டையும் காக்கிறது. எஸ். ஜி. கிட்டப்பா 1933 இல், முப்பது வயதும் நிரம்பாமல் மறைந்தார். அவர் குரல் இன்று நமக்குக் கிடைப்பது இசைத்தட்டுகளினாலேயே. அத்தகைய தட்டுகளை வார்த்த அச்சுகள் எல்லாம் இன்று இருக்குமென்று நம்புவதற்கில்லை. யாரோ ஒருவருடைய வீட்டுப் பரணிற் கிடக்கும் தட்டே ஒரு பாட்டின் எஞ்சிய பிரதியாகவும் இருக்கக்கூடும்.

நமது கரைகள் பொருள்களை எளிதிற் காத்துக்கொடுப்பவையல்ல. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தில் வீடுகளின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரையோரத்தை வாரிக்கொண்டு போனது. போரினால் வீடுவாசலை விட்டு ஓடியவர்கள் இசைத்தட்டுகளையா தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? இத்தனைக்கும் தப்பி ஒரு தட்டும் பெட்டியும் உங்கள் வீட்டில் இருக்குமானால், அவை ஒரு துளி எண்ணெயாலும் ஒரு மழுங்கிய ஊசியாலும் அழியவிடுவது அறமாகாது.

ஆகவே சில விதிகளைக் கைக்கொள்ளுங்கள். எஃகூசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். அரைத்த கற்றூள் கலந்த அரக்கினால் ஆனவை அத்தட்டுகள். ஊசி ஒரு பக்கம் ஓடுவதற்குள்ளேயே தேய்ந்து கூர் மாறிவிடும். பெட்டியின் ஒலிச்சிமிழ் நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு தட்டை அழுத்துவது. ஆதலால் அரிய தட்டை அதில் அடிக்கடி ஓட்டவேண்டாம். ஒரு முறை, சில கிராம் மட்டுமே அழுத்தும் மின்சார ஊசியைக் கொண்டு, 78 சுற்றுக்கென அமைந்த கருவியில் ஒலியைப் பிரதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். 1948 இன் பின் வந்த நீண்ட நேர வினைல் தட்டுகளைச் சாவிப் பெட்டியில் ஒருபோதும் போடவேண்டாம். ஒரே ஓட்டத்தில் அவற்றின் தடம் உழுதுபோகும். நெடுநாள் மூடி வைக்குமுன் மேடையை ஓடவிட்டு வில்லைத் தளர்த்திவிடுங்கள்.

வீட்டில் ஓடாத பெட்டி கிடந்தால், இன்று பிற்பகலே அதைத் திறந்து தடைக்கட்டை எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டினால், நோய் இன்னதென்று பாதி தெரிந்துவிட்டது.

அடுத்த கிழமை, தூசியும் பூஞ்சணமும் பிடித்த அரக்குத் தட்டுகளைத் துப்புரவு செய்யும் முறையைக் காண்போம். அதுவரையில் சாராயமோ ஸ்பிரிட்டோ கலந்த எதையும் தட்டில் தொடவிட வேண்டாம். அரக்கு அதிற் கரைந்துவிடும். கரைந்த பாட்டை மீட்க எந்தப் பொறியினாலும் ஆகாது.